வீட்டில் கட்டிய தூண்டிலில் வீட்டுப் பங்கு: வால்ஐ மீனை முன்னிட்டு ஒரு முடிச்சியல் ஆய்வு

ஆய்வுத் தேவை

மினசோட்டாவில் பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்த ஏரிகளில் திரியும் வால்ஐ மீனை 1965இல் மாநில மீனாகச் சட்டம் போட்டு அறிவித்தாயிற்று. கனடா எல்லையோரம் இருக்கும் பவுடெட் ஊரில் அதற்கு நாற்பதடி நீளத்தில் சிலை வைத்தாயிற்று. மே மாத நடுவில் பருவம் தொடங்கும்போது மாநில ஆளுநரே படகேறித் தூண்டில் போடுவது 1948 முதல் வழக்கம். ஒரு மீனுக்கு இவ்வளவு மரியாதை செய்த மக்கள், அந்த மீனையும் தங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் முடிச்சை மட்டும் அடுக்களை மேசையோடு விட்டுவிட்டார்கள். அதற்குச் சிலையும் இல்லை, சட்டமும் இல்லை. இக்குறையைப் போக்க வேறு யாரும் முன்வராத நிலையில், இக்கட்டுரையாளர் தம்மை ஆய்வாளராகவும், செலவு மிச்சம் கருதி நெறியாளராகவும் தாமே நியமித்துக்கொண்டார்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், அந்த வட்டாரத்தில் ‘கிராலர் ஹார்னெஸ்’ என்று வழங்கும் மண்புழு ரிக். மூன்றடியிலிருந்து ஐந்தடி வரை நீளமுள்ள நரம்பு. அதன் ஒரு முனையில் இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் இரண்டு சின்ன முட்கள். அவற்றுக்கு மேலே ஐந்தாறு பாசிமணிகள். மணிகளுக்கு மேலே, கிளெவிஸ் என்னும் குட்டி வளையத்தில் தொங்கிச் சுழலும் உலோகத் தகடு. மறுமுனையில் ஸ்விவல் என்னும் சுழல் இணைப்பு. கொழுத்த மண்புழு ஒன்றை நீளவாட்டில் இரண்டு முட்களிலும் குத்தி, மேலே ஈயக்குண்டு சேர்த்து, ஏரியின் தரையை ஒட்டி இழுத்துப் போவார்கள். படகின் வேகம், கரையில் காலாற நடக்கும் பெரியவர் முந்திவிடக்கூடிய வேகம். தகடு சுழல, மணிகள் உரச, பின்னால் புழு நெளிந்து வர, வால்ஐ அதை இரையென்று நம்பியோ எரிச்சலிலோ வந்து கவ்வும்.

இந்த ரிக் ஆயத்தமாகவே கடையில் கிடைக்கிறது. விலையும் சில டாலர்தான். அப்படியிருக்க ஆயிரக்கணக்கானோர் அதை வீட்டிலேயே கட்டுகிறார்கள், கட்டியதை ‘வீட்டில் செய்தது’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லவும் செய்கிறார்கள். இந்தச் சொற்றொடருக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்பதே நம் ஆய்வு வினா.

தகவலாளர்

நெல்லைச் சீமையில் பிறந்து மினியாபொலிஸ் புறநகர் ஒன்றில் குடியேறிய ஓர் அண்ணாச்சி. ஆய்வு நெறி கருதிப் பெயர் தவிர்க்கப்படுகிறது. நேர்காணல் மார்ச் மாதத்தில், அவர் வீட்டு நிலவறையில், இட்லிப் பொடி மணத்தோடு நிகழ்ந்தது. மாதம் முக்கியம். பிப்ரவரிக் கடைசி ஞாயிறோடு மாநிலத்தின் உள்நாட்டு ஏரிகளில் வால்ஐ பிடிப்பது நின்றுவிடும். மே நடுவரை தொடக்கூடாது. ஏரிமேல் பனிக்கட்டி இன்னும் கெட்டியாக இருக்கும். தெருவில் உப்பும் சகதியும். ஒரு மனிதன் மீனுக்குச் செய்யக்கூடிய காரியம் என்று இந்தக் காலத்தில் மிஞ்சுவது முடிச்சுப் போடுவது ஒன்றுதான். அப்போது அண்ணாச்சி கட்டும் ரிக்குகளின் எண்ணிக்கையை இங்கே வெளியிட அவர் மனைவியான மதினியின் அனுமதி கிடைத்தது, அண்ணாச்சியின் அனுமதி கிடைக்கவில்லை.

“கடையில மூணு நாலு டாலருக்குக் கெடைக்குதே அண்ணாச்சி?”

“கெடைக்கும்லா தம்பி, யாரு இல்லேன்னா? ஆனா அதுல முடிச்சு எந்தப் பய போட்டானோ!”

இந்த ஒரு வாக்கியம் ஆய்வுக்குப் பெரும் திறப்பாக அமைந்தது. அண்ணாச்சி முள் யார் செய்தது என்று கேட்கவில்லை. முள், நார்வேயின் மஸ்டாட் அல்லது ஜப்பானின் கமகட்சு. நரம்பின் மூலப்பொருளான நைலானை 1935இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கியது. நைலான் வேண்டாம், தண்ணீருக்குள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஃப்ளோரோகார்பன்தான் வேண்டும் என்றால் அது 1971இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கு. மணி பிளாஸ்டிக். தகடு எங்கோ ஓர் ஆலையில் வெட்டிப் பூச்சு பூசியது. ஸ்விவலும் ஈயமும் அப்படியே.

புழுவாவது உள்ளூர் என்று வாசகர் நினைக்கலாம். இரைக்கடைகளில் டப்பாவில் விற்கும் பெரிய மண்புழுக்களில் மிகுதியானவை கனடாவின் தென்மேற்கு ஒன்டாரியோ வயல்களில், இரவில், நெற்றியில் விளக்குக் கட்டிய ஆட்கள் குனிந்து கையால் பொறுக்கியவை. குளிர்ப்பெட்டியில் எல்லை தாண்டி வருகின்றன. அதற்கும் முன்னால் போனால், அந்த இனமே ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்தது. பனியாறுகள் வழித்துப்போட்ட மினசோட்டா மண்ணில் சொந்தமாக மண்புழுவே கிடையாது. மிஞ்சிய புழுவைக் கரையில் கொட்டாதே, அது காட்டின் சருகுப் படலத்தைத் தின்றுவிடும் என்று மாநில அரசு இன்றும் எச்சரிக்கிறது.

ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது முடிச்சு. முள்ளுக்கு இரண்டு, ஸ்விவலுக்கு ஒன்று, ஆக மூன்று முடிச்சு. அவற்றை மட்டுமே அண்ணாச்சி செய்கிறார். ஆகவே ‘வீட்டில் செய்தது’ என்னும் உரிமைக்கோரல் முழுவதும் முடிச்சின் தலையில்தான் நிற்கிறது என்பது நம் முதல் முடிவு. நாலு டாலர் ரிக்கை மிச்சப்படுத்த அவர் வாங்கிய முட்களும் மணிகளும் தகடுகளும் அடுக்கிய பெட்டிகள் நிலவறையின் ஒரு சுவரை மறைத்திருந்தன. பொருளாதாரப் பகுதியை இத்துடன் முடித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. திறந்த நீரில் ஒருவருக்கு ஒரு நரம்புதான் என்பது மினசோட்டாவின் நெடுநாள் விதி என்பதை மட்டும் குறித்துவைப்போம். சுவர் நிறைய இருப்பதில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தண்ணீரைப் பார்க்கும்.

கோட்பாட்டுச் சிக்கல்

மூன்று முடிச்சு இருக்கிறது என்று எழுதிவிட்டோம். இருக்கிறதா?

முடிச்சு பற்றிய கணிதம் 19ஆம் நூற்றாண்டில் ஒரு தவறான யோசனையிலிருந்து முளைத்தது. அணுக்கள் என்பவை ஈதரில் விழுந்த முடிச்சுகள் என்று 1867இல் வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, ஒரு கருத்தை முன்வைத்தார். அப்படியானால் எத்தனை வகை முடிச்சு உண்டோ அத்தனை வகைத் தனிமம் இருக்கவேண்டும் அல்லவா? அவர் நண்பர் பீட்டர் டெய்ட் முடிச்சுகளை வரிசைப்படுத்திப் பட்டியல் போடத் தொடங்கினார். ஈதர் போய்விட்டது, கெல்வினின் அணுவும் போய்விட்டது, பட்டியல் மட்டும் நின்றது. நரம்பு தன்னைத் தானே எத்தனை இடத்தில் குறுக்கே கடக்கிறது என்பதுதான் அளவுகோல். மூன்று குறுக்கீட்டில் ஒரே ஒரு முடிச்சு, நான்கிலும் ஒன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் மூன்று, ஏழில் ஏழு, எட்டில் இருபத்தொன்று. பத்துக்கு வரும்போது 165. முக்கால் நூற்றாண்டாகத் தனித்தனி என்று பட்டியலில் கிடந்த இரண்டு பத்துக் குறுக்கீட்டு முடிச்சுகள் உண்மையில் ஒன்றேதான் என்று 1970களில் கண்டுபிடித்தவர் கென்னத் பெர்க்கோ, நியூயார்க் வழக்கறிஞர். கட்சிக்காரர்கள் இருவரும் ஒரே ஆள் என்று நிரூபிப்பது தொழில்முறையில் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

தூண்டில்காரர்களிடமும் இதே வழக்கு உண்டு. ‘யூனி முடிச்சு’ என்று ஒரு கட்சியும் ‘டங்கன் லூப்’ என்று இன்னொரு கட்சியும் கட்டுவது ஒரே முடிச்சைத்தான். இதைப் படகில் வைத்துச் சொன்னால் இறங்கி நடக்கச் சொல்வார்கள்.

ஆனால் கணிதத்தார் ஒரு நிபந்தனை வைக்கிறார்கள். நரம்பின் இரு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டி, மூடிய வளையமாக இருந்தால்தான் அதிலுள்ளது முடிச்சு. முனை திறந்திருந்தால் பொறுமையாக உருவி உருவி நேராக்கிவிடலாம், எனவே அதில் முடிச்சென்று எதுவும் இல்லை. இந்த வரையறையின்படி தூண்டில் நரம்பில் மனிதன் இதுவரை போட்ட எந்த முடிச்சும் முடிச்சல்ல. 1944இல் வந்த கிளிஃபோர்ட் ஆஷ்லியின் பெரும் முடிச்சு நூலில் 3,800க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் முனை திறந்த கயிற்றில் விழுபவை அனைத்தும் இதே கதிதான். வீட்டில் செய்த தூண்டிலில் வீட்டுப் பங்கு முடிச்சு மட்டுமே. முடிச்சோ இல்லாத பொருள். ஆகவே வீட்டுப் பங்கு சுழியம் என்று இக்கட்டுரையாளர் முடிவுக்கு வந்து, அதைத் தகவலாளரிடம் தொலைபேசியில் தெரிவித்தார். மறுமுனையில் சிறிது நேரம் ஒலியில்லை. பிறகு, “அப்படிச் சொன்ன வாத்தியார ஒரு பெரிய மீனப் பிடிச்சு இழுக்கச் சொல்லு” என்று பதில் வந்தது. கோட்பாட்டு நோக்கில் இது மறுப்பு ஆகாது எனினும் பதிவு செய்யப்படுகிறது.

நிலைமையை இன்னும் மோசமாக்குவது, கணிதத்தார் ஒப்புக்கொள்ளும் முடிச்சுகள் எங்கே விழுகின்றன என்பது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் நூலை ஒரு சதுரப் பெட்டியில் போட்டு, நொடிக்கு ஒரு சுற்று வீதம் பத்து நொடி சுழற்றிப் பார்த்தார்கள். 3,415 முறை. 2007இல் முடிவை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே இயற்பியலுக்கான இக் நோபெல் பரிசு, அதாவது முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு, அவர்களுக்குக் கிடைத்தது. சில நொடிகளில் நூல் தானே முடிச்சிட்டுக்கொள்கிறது. வெளியே எடுத்து முனைகளைச் சேர்த்துச் சோதித்ததில் 120 வகை முடிச்சுகள், பதினொரு குறுக்கீடு வரை. அண்ணாச்சி நகம் வலிக்கக் கட்டியது முடிச்சில்லை. தூண்டில் பெட்டிக்குள் யாரும் கேட்காமல் விழுந்தது முடிச்சு.

அந்த ஆய்வில் நம் துறைக்கு நேரடியாகப் பயன்படும் அளவு ஒன்று உண்டு. 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த நூலில் முடிச்சே விழவில்லை. அங்கிருந்து ஒன்றரை மீட்டர் வரை வாய்ப்பு மளமளவென்று ஏறுகிறது, அதற்கப்பால் சுமார் பாதிக்குப் பாதியில் நின்றுவிடுகிறது. மண்புழு ரிக்கின் நீளம் மூன்றடி முதல் ஐந்தடி. அதாவது 91 முதல் 152 சென்டிமீட்டர். சிக்கல் எந்த நீளத்தில் வேகமாகப் பெருகுகிறதோ அந்த நீளத்தைத்தான் வால்ஐ பிடிப்பவர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்திருக்கிறார்கள். (அவர்கள் சுழற்றிய நூல் நம் நரம்பைவிடத் தடித்தது என்று ஆட்சேபிக்கலாம். தூண்டில் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள்.)

இதற்கு மாற்றாக அந்த வட்டாரத்தார் கண்ட வழி பாராட்டுக்குரியது. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் மிதப்பதற்குப் பிடித்துக்கொள்ளும் நீள நுரைக்குழல் இருக்கிறதே, அதை ஒரு சாண் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் சில ரிக்குகளைச் சுற்றி, முள் முனையை நுரையில் குத்தி வைத்துவிடுகிறார்கள். அண்ணாச்சியின் வீட்டில் பேரப்பிள்ளைகள் வாங்கிவந்த நீல நிறக் குழல் கோடைக்கு முன்பே காணாமல் போனதாக மதினி தெரிவித்தார். விசாரணை நடைபெற்று வருகிறது.

செய்முறை

இனி முடிச்சு இருப்பதாகவே வைத்துக்கொள்வோம்.

ரிக்கில் முள்ளைக் கட்டும் முறைக்கு ஸ்னெல் என்று பெயர். முள்ளை இடக்கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே, காது வலப்பக்கம் வரும்படி பிடிக்கவேண்டும். நரம்பின் நுனியைக் காதில் நுழைத்துத் தண்டோடு சேர்த்துப் படுக்கவைத்து அமுக்கிக்கொள்ளவேண்டும். பிறகு நரம்பின் நீளப் பக்கத்தை எடுத்து, தண்டையும் அதன்மேல் படுத்திருக்கும் நுனியையும் சேர்த்து, காதிலிருந்து வளைவை நோக்கி ஏழெட்டுச் சுற்றுச் சுற்றவேண்டும். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றும் அதே ஒழுங்கு: ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, நடுவே சந்தும் விழக்கூடாது. சுற்றி முடித்ததும் நகத்தால் எல்லாவற்றையும் அமுக்கிப் பிடித்தபடியே நரம்பின் மறுமுனையைத் தேடவேண்டும். அது இதற்குள் மேசைக்கு அடியில் போய்ச் செருப்பைச் சுற்றியிருக்கும். அதை எடுத்துக் காது வழியே விட்டு, முழு நீளத்தையும் மெல்ல இழுக்கவேண்டும். இந்த இழுப்பு நடக்கும் சில நொடிகள் நகம் அசையக்கூடாது. தும்மல் வந்தால் எட்டுச் சுற்றும் ஒரே துள்ளலில் அவிழ்ந்து, முள் தரைவிரிப்பில் விழும். விழுந்த முள்ளைக் கண்டுபிடிப்பது வழக்கமாக வெறுங்காலோடு வருகிறவர்.

தவறாமல் இழுத்துவிட்டால் சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்கி, தண்டின்மேல் பளபளப்பாக ஒரு சிறு உருளை உட்காரும். நரம்பு காதைத் தொட்டுக்கொண்டு நேராகப் போகும். மீன் இழுக்கும்போது முள் கோணாமல், இழுப்பும் தண்டும் ஒரே கோட்டில் நிற்கும். நரம்பை வெட்டாமலே அதன்மேல் இரண்டாவது முள்ளையும் இதே முறையில் கட்டலாம். மண்புழுவின் நீளத்துக்கு ஏற்றாற்போல் இடைவெளி வைத்துக்கொள்ளலாம். இந்த ரிக்குக்கு ஸ்னெல்லை விட்டால் வேறு முடிச்சு சரிப்படாது என்று சொல்வது இதனால்தான்.

இதில் ஒரு வரலாற்று விசித்திரம் உண்டு. பழைய முட்களுக்குக் காதே கிடையாது. தண்டின் மேல்முனை மொட்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். நரம்பைத் தண்டோடு வைத்துச் சுற்றிக் கட்டுவதைத் தவிர வழியில்லை. அதற்காகப் பிறந்ததுதான் ஸ்னெல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காதுள்ள முட்கள் பரவலாயின. இனிமேல் சுற்றவேண்டாம், நேரே காதில் கட்டலாம் என்று உலகம் நிம்மதியடைந்தது. வால்ஐ பிடிப்பவர்கள் காதை வாங்கிக்கொண்டார்கள். நரம்பு போய் வர ஒரு வாசலாக மட்டும் அதை வைத்துக்கொண்டு, முடிச்சைப் பழையபடி தண்டிலேயே போட்டார்கள்.

இரண்டு முள்ளும் கட்டியானதும் மணிகளைக் கோக்கவேண்டும், பிறகு தகட்டைக் கிளெவிஸில் மாட்டி, குழிந்த பக்கம் முட்களைப் பார்க்கும்படி ஏற்றவேண்டும். கடைசியில்தான் ஸ்விவல், அதற்கு ஐந்து சுற்றுக் கிளின்ச் முடிச்சு போதும். வரிசை மாறினால் திருத்தம் கிடையாது. ஸ்விவலைக் கட்டி இறுக்கி, மிச்ச நுனியை வெட்டி, தூக்கி வெளிச்சத்தில் பார்த்து ரசிக்கும்போது மேசைமேல் ஒரு மணி தனியாக உருண்டுகொண்டிருக்கும் நிகழ்வு, இத்துறையில் மிக அதிகமாகப் பதிவாகாத நிகழ்வு.

முடிச்சை இறுக்கும் முன் நனைக்கவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. காய்ந்த நைலான் தன்மேல் தானே உராயும்போது சூடேறி, பிசுங்கி, பலம் குறைகிறது. எதைக் கொண்டு நனைப்பது என்பதில்தான் எச்சில் கட்சி, தண்ணீர்க் கட்சி என்று பிளவு. தண்ணீர்க் கட்சியார் மேசைமேல் சிறு கிண்ணம் வைத்து, முடிச்சை அதில் முக்குவார்கள். படித்தவர்கள், கொஞ்சம் அலட்டல். அண்ணாச்சி எச்சில் கட்சி. அவர் வாதம் சிந்திக்கத்தக்கது: “ரெண்டு கையும் முடிச்சுல இருக்கு. கிண்ணத்த எதால நகத்துவ? வாய் எங்கயும் போவாது, கூடவேதான் இருக்கும்.” முள்ளை உதட்டருகே கொண்டுபோவதிலுள்ள ஆபத்தைப் பற்றித் தண்ணீர்க் கட்சி எழுப்பும் கேள்விக்கு எச்சில் கட்சியார் பொதுவாகப் பேசிப் பதில் சொல்வதில்லை, உதட்டிலுள்ள தழும்பைக் காட்டுகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் மதினி காப்பியோடு படியிறங்கி வந்ததால் ஆய்வு வேறு திசையில் திரும்பியது. மேசையில் பச்சை மணிகளும் ஆரஞ்சு மணிகளும் தனித்தனித் தட்டில் இருந்தன.

“பொழுதடைஞ்சு, இருட்டினப்புறம், கலங்கின தண்ணிக்குள்ள போடுதீய. பச்சையும் ஆரஞ்சும் அதுக்குத் தெரியவா போவுது?”

“இருட்டுலதான் அதுக்கு நல்லாத் தெரியும்” என்றார் அண்ணாச்சி. “கண்ணுக்குள்ள கண்ணாடி வச்சிருக்கு.”

அண்ணாச்சி சொன்னது மெய். வால்ஐயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம் ஒன்று உண்டு. உள்ளே வந்த வெளிச்சம் ஒருமுறை தப்பினாலும், திரும்பிப் போகிற வழியில் மறுபடி பிடிபடும். மேகம் மூடிய பகலிலும் அலையடிக்கும் தண்ணீரிலும் அந்திக்குப் பிறகும் இரையைவிட அதற்கு நன்றாகத் தெரிவது இதனால்தான். டார்ச் அடித்தால் அதன் கண் மின்னுவதும் இதனால்தான். நிறங்களில் அதன் கண் நன்றாக வாங்குவது பச்சைப் பக்கமும் ஆரஞ்சு சிவப்புப் பக்கமும். ஆக மணித் தட்டுகளின் தேர்வு அறிவியலுக்கு ஒத்ததே. இதையெல்லாம் அண்ணாச்சி உற்சாகமாக விளக்கி முடித்ததும் மதினி கேட்டார்:

“அப்ப நீங்க போட்ட முடிச்சும் அதுக்குத் தெரியும்லா?”

அண்ணாச்சி கையிலிருந்த ரிக்கை விளக்கருகே கொண்டுபோனார். கீழ் முள்ளில் ஏழாவது சுற்று ஆறாவதன்மேல் லேசாக ஏறியிருந்தது. ஒன்றும் பேசாமல் கத்தரியை எடுத்தார். எந்த ஆய்வேட்டுக்கும் இவ்வளவு கூர்மையான புறத்தேர்வாளர் அமைந்ததாக இக்கட்டுரையாளருக்குத் தெரியவில்லை.

ஈயம் குறித்து ஒரு பின்னிணைப்பு

ஈயக்குண்டு நரம்பில் இருக்கவேண்டிய பொருள். 2022 செப்டம்பர் கடைசியில் ஓஹாயோவின் கிளீவ்லண்டில், ஈரி ஏரி வால்ஐ போட்டி ஒன்றில் முதலிடம் பெறவிருந்த இருவரின் மீன்களைக் கீறிப் பார்த்தபோது, வயிற்றுக்குள் ஈயக்குண்டுகளும் வேறு மீனின் சதைத் துண்டுகளும் இருந்தன. பரிசு 28,000 டாலருக்கு மேல். அடுத்த ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்கும் போனார்கள். அந்த மீன்களைப் பிடித்த முடிச்சுகளைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

அறும் இடம்

முடிச்சிட்ட எதுவும் முடிச்சிடாததைவிட முன்னதாக அறும். எங்கே அறும் என்பதை அறிய 2001இல் ஐரோப்பிய இயற்பியலாளர்கள் சிலர் வேகவைத்த ஸ்பகெட்டியில்கூட முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தார்கள். முடிச்சின் நடுவில் அல்ல, நரம்பு முடிச்சுக்குள் நுழையும் வாசலில், வளைவு கூர்மையாகும் இடத்தில்தான் அறுகிறது. ஸ்னெல்லில் நரம்பு வளையாமல் தண்டோடு படுத்துக்கொண்டு உள்ளே போவதால் அந்த வாசல் அகலம். இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது, ஸ்பகெட்டியைப் பற்றி மட்டும் மறுபடி ஒருமுறை கேட்டார்.

ஆனால் கள நிலவரத்தில் முடிச்சின் பலம் சோதிக்கப்படுவது பெரும்பாலும் மீனால் அல்ல, பாறையால். ரிக் தரையை ஒட்டிப் போவதால் கல்லிலும் மரக்கட்டையிலும் மாட்டும். 1980களின் கடைசியில் பெரும் ஏரிகளுக்குக் கப்பல்களின் நிலைநீரோடு வந்திறங்கி, பிறகு மினசோட்டா ஏரிகளுக்கும் பரவிய வரிக்குதிரைச் சிப்பிகள் அந்தக் கல்லையெல்லாம் கத்திமுனையாக்கி வைத்திருக்கின்றன. மாட்டிய ரிக்கை மீட்க முடியாதபோது இழுத்து அறுத்துவிடத்தான் வேண்டும். இங்கேதான் இத்துறையின் பெரிய முரண் தலைகாட்டுகிறது: மார்ச் முழுக்க எச்சில் தொட்டு, நகம் தேயக் கட்டிய முடிச்சு இப்போது அறவேண்டும். அது அறாமல் பிடித்துக்கொண்டால், மேலே கோலுக்குப் போகும் நீண்ட நரம்பு எங்கோ பாதியில் அறும். ஸ்விவலும் ஈயக்குண்டும் சேர்ந்து போகும். ஆகவே லீடர், அதாவது ரிக் கட்டும் நரம்பு, கோலுக்குப் போகும் மேல் நரம்பைவிடச் சற்றே பலம் குறைந்ததாக இருக்கவேண்டும் என்பது பலர் கைக்கொள்ளும் வழக்கம். இந்த வழக்கத்தை அண்ணாச்சி ஒப்புக்கொள்கிறார், பின்பற்றுவதில்லை. தன் முடிச்சைத் தானே அறுக்கும்படி ஏற்பாடு செய்வது அவருக்கு ஒப்பவில்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் களப் பரிசோதனைக்கு இக்கட்டுரையாளரும் படகில் அழைக்கப்பட்டார். பச்சை மணி, ஆரஞ்சு மணி, செம்புநிறத் தகடு. மதினி மேற்பார்வையில் மறுபடி கட்டிய அதே ரிக். தகடு சுழலும் துடிப்பு கோல் வழியே கைக்குத் தெரிந்தது. திடீரென்று கோல் வளைந்தது. வால்ஐ கவ்வினால் முதலில் ஒரு தட்டு, பிறகு கனம் என்பார்கள். இது தட்டவில்லை, நேரே இழுத்துக்கொண்டு ஓடியது. அண்ணாச்சி முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. நரம்பு தளர்ந்து மேலே வந்தது.

அந்த ஏரிகளில் வால்ஐயோடு பைக் என்றொரு மீனும் இருக்கிறது. நீண்ட வாய், உள்ளே ஊசி ஊசியாகப் பல். வால்ஐக்காக விரித்த மண்புழுவை அதுவும் தின்னும். நைலானோ ஃப்ளோரோகார்பனோ அதன் பல்லுக்கு ஒன்றுதான். முடிச்சுக்குப் போகவேண்டிய தேவையே அதற்கு இல்லை, நரம்பின் நடுவிலேயே காரியத்தை முடித்துவிடும். இரண்டு முள், இரண்டு ஸ்னெல், மணிகள், தகடு, ஒன்டாரியோ புழு எல்லாம் பைக்கின் வசம் போய்விட்டன. தண்ணீரிலிருந்து மேலே வந்தது ஸ்விவலும் அதில் தொங்கிய அரைச்சாண் நரம்பும். அதன் நுனி பிளேடால் சீவியதுபோல் சாய்வாக இருந்தது.

மூன்று முடிச்சில் ஒரு மாதிரி ஆய்வகத்துக்குத் திரும்பியிருக்கிறது, கள ஆய்வில் இது மோசமான விகிதமல்ல என்று இக்கட்டுரையாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஸ்விவலைக் கண்ணருகே வைத்து, அதிலிருந்த ஐந்து சுற்றுக் கிளின்ச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார். பிறகு அதை நீட்டி, “பாத்துக்கோ தம்பி, இங்க அறல!” என்றார்.